காத்மாண்டு: ஏரிப்படுகையில் எழுந்த நகரம்

காத்மாண்டு கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இது ஏற்காட்டைவிடச் சற்றுத் தாழ்வு, ஊட்டியைவிட நன்றாகவே தாழ்வு. இமயமலை நாட்டின் தலைநகர் என்றதும் பனிச்சிகரங்களின் காலடியில் நடுங்கும் ஓர் ஊரை எதிர்பார்த்து வருகிறவர்கள் விமான நிலைய வாசலிலேயே ஏமாந்துபோகிறார்கள். கண்ணில் படுவது செங்கல் வீடுகளும், மொட்டை மாடிகளில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகளும், அவற்றுக்கு அப்பால் பச்சையும் நீலமுமாய் ஒரு மலைவளையமும்தான். வடக்கே 2,732 மீட்டர் உயரமுள்ள சிவபுரி, தென்கிழக்கே 2,700 மீட்டரைத் தாண்டும் புல்சௌக்கி, தென்மேற்கே சந்திராகிரி, வடமேற்கே நாகார்ஜுன். மழை ஓய்ந்த அக்டோபர், நவம்பர் காலைகளில் சிவபுரியின் தோளுக்கு மேலே லாங்டாங், கணேஷ் ஹிமால் தொடர்களின் வெண்மை தெரியும். மற்ற நாட்களில் அது அங்கே இருப்பதாக நம்பிக்கொள்ள வேண்டியதுதான். நகருக்குள் பனி பெய்வது அபூர்வம். 2007 பிப்ரவரியில் பெய்தபோது, அதற்கு முன் பெய்து 60 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

நகரத்தின் வரலாற்றையும் இன்றைய தொல்லைகளையும் இந்த மலைவளையத்தை விட்டுவிட்டு விளக்க முடியாது. பள்ளத்தாக்கு முழுவதும் ஒரு காலத்தில் ஏரியாக இருந்தது. மஞ்சுஸ்ரீ என்ற போதிசத்துவர் தம் வாளால் தெற்கு மலையைச் சோபார் என்னுமிடத்தில் பிளந்து நீரை வெளியேற்றினார் என்கிறது சுயம்பு புராணம். ஏரி இருந்ததைப் புவியியலும் ஒப்புக்கொள்கிறது. வாளைப் பற்றி மட்டும் அது பேசுவதில்லை. பள்ளத்தாக்கின் நீர் எல்லாம் சேர்ந்த பாக்மதி ஆறு இன்றும் சோபாரின் குறுகிய பிளவு வழியாகத்தான் வெளியேறுகிறது. வற்றிய ஏரி விட்டுச்சென்ற வண்டல் சில இடங்களில் 500 மீட்டருக்கும் மேல் ஆழமானது. அதன் கரிய களிமண்ணை உழவர்கள் வெட்டியெடுத்து வயலுக்கு உரமாகப் போட்டார்கள். நகருக்குள் காளிமாட்டி என்று ஒரு பகுதியே இருக்கிறது. பெயருக்குக் கரிய மண் என்று பொருள். இப்போது அங்கே நகரத்தின் பெரிய காய்கறிச் சந்தை நடக்கிறது.

மண் வளமானது என்பதால் பள்ளத்தாக்கின் பழைய குடிகளான நேவார் மக்கள் அதை வீடுகட்டி வீணாக்கவில்லை. தண்ணீர் ஏறாத மேட்டுத் திட்டுகளில் வீடுகளை ஒன்றோடொன்று ஒட்டி, மூன்று நான்கு மாடி உயர்த்திக் கட்டினார்கள். தாழ்ந்த நிலம் முழுவதும் நெல் விளைந்தது. பழைய நகரத்தின் நெருக்கடியான சந்துகளுக்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது. நெருக்கத்தைத் தாங்குவதற்கென்றே வீடுகளுக்கு நடுவில் முற்றங்களும் உண்டு. குனிந்து நுழையும் இருண்ட வழியில் பத்தடி நடந்தால் வானம் திறந்த ஒரு சதுக்கம் வரும். நடுவில் ஒரு சிறு ஸ்தூபி, ஓரத்தில் உலரும் மிளகாய், வெயில் காயும் பாட்டிமார், பந்து உதைக்கும் பிள்ளைகள். இப்படிப்பட்ட முற்றங்கள் பல, முன்பு பௌத்த விகாரைகளாக இருந்தவை.

நெல் மட்டும் இந்த நகரத்துக்கு இவ்வளவு செல்வத்தைத் தந்திருக்க முடியாது. அதைத் தந்தது திபெத் வணிகம். வடக்கே குத்தி, கேருங் கணவாய்கள் வழியாகத் திபெத்துக்கும், தெற்கே சந்திராகிரியைத் தாண்டிக் கங்கைச் சமவெளிக்கும் பாதைகள் சென்றன. ஆனால் இரண்டு பாதைகளும் ஒரே பருவத்தில் திறந்திருப்பதில்லை. தெற்கே தராய்க் காடுகளில் கோடையிலும் மழைக்காலத்திலும் மலேரியா ஆளைக் கொல்லும், குளிர்காலத்தில்தான் கடக்கலாம். அதே குளிர்காலத்தில் வடக்குக் கணவாய்களைப் பனி மூடிவிடும். ஆகவே எந்தப் பக்கமிருந்து வந்த சரக்கும் காத்மாண்டில் இறங்கிச் சில மாதங்கள் தங்கியே ஆகவேண்டும். தங்கிய சரக்குக்குக் கிடங்கு வேண்டும், வணிகனுக்குச் சத்திரம் வேண்டும், கைமாறும் பணத்துக்கு நாணயம் வேண்டும். அந்நாளில் பள்ளத்தாக்கை ஆண்ட மல்ல அரசர்கள் அச்சிட்ட வெள்ளி நாணயங்கள் திபெத்திலும் செலாவணியாயின. நேவார் வணிகர்கள் லாசாவில் கடை வைத்துக் குடும்பம் நடத்தினார்கள். கைவினைஞர்களும் அதே பாதையில் போனார்கள். 13ஆம் நூற்றாண்டில் இங்கிருந்து சென்ற அர்னிக்கோ, குப்ளாய் கானின் அவையில் தலைமைக் கலைஞரானார். அவர் வடிவமைத்த வெள்ளை ஸ்தூபி இன்றும் பெய்ஜிங்கில் நிற்கிறது.

அந்த வணிகப் பாதை இன்றும் நகரத்துக்குள் அப்படியே கிடக்கிறது. பழைய நகரத்தின் தெருக்கள் ஏறக்குறைய கட்டம் கட்டமாகச் செல்ல, அசன் சந்தையிலிருந்து இந்திரசௌக் வழியாக அரண்மனைச் சதுக்கம் வரை ஒரு தெரு மட்டும் குறுக்காக வெட்டிக்கொண்டு போகிறது. காத்மாண்டுக்கு வருகிறவர் வேறு எதைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் இந்தத் தெருவைக் காலையில் ஒருமுறை நடந்துவிட வேண்டும். அசனில் ஆறு தெருக்கள் கூடுகின்றன. அங்குள்ள அன்னபூர்ணா கோயிலில் சிலை இல்லை. ஒரு பூரண கலசமே தெய்வம். சந்தைக்கு வந்தவர்கள் கையில் பையோடு ஒரு சுற்றுச் சுற்றி, மணியை அடித்துவிட்டு விலை பேசப் போகிறார்கள். தரையில் சாக்கு விரித்துக் கீரையும் முள்ளங்கியும் விற்பவர், யாக் பாலில் செய்து கல்லாய் இறுகிய சுர்ப்பியைச் சரமாகத் தொங்கவிட்டிருப்பவர், பித்தளைப் பாத்திரக்காரர், உலர்மீன்காரர், நெற்றியில் கயிறு மாட்டி முதுகில் அலமாரி சுமந்து வரும் கூலிக்காரர் என்று எல்லாரும் பத்தடி அகலத்துக்குள் நடமாடுகிறார்கள். ஹாரன் அடித்தபடி இவர்கள் நடுவே புகும் மோட்டார் சைக்கிள்காரர் எப்படி யார் மேலும் மோதாமல் வெளியேறுகிறார் என்பது விளங்குவதில்லை.

இந்திரசௌக்கில் ஒரு மாடிக் கோயிலுக்குள் ஆகாச பைரவர் இருக்கிறார். அதன் எதிரே ஒரு சந்துக்குள் பாசிமணிச் சந்தை. திருமணமான பெண்கள் அணியும் ‘போத்தே’ மாலைகளை இங்கே கோத்து விற்பவர்களில் பலர், பல தலைமுறைக்கு முன் காஷ்மீரத்திலிருந்து வணிகத்துக்கு வந்து குடியேறிய முஸ்லிம் குடும்பத்தினர். இந்துப் பெண்ணின் மங்கலச் சின்னம் முஸ்லிம் வணிகரின் கையால் கோக்கப்படுவதை இங்கே யாரும் வியப்பதில்லை.

குறுக்குத் தெரு முடியும் இடம் அனுமான் தோக்கா அரண்மனைச் சதுக்கம். 1482இல் யட்ச மல்லர் இறந்த பின் பள்ளத்தாக்கு காத்மாண்டு, பாட்டன், பக்தபூர் என்று மூன்று அரசுகளாகப் பிரிந்தது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போய்விடலாம்; ஆனால் மூன்றுக்கும் தனித்தனி அரசன், படை, அரண்மனை. போரில் பெரிதாக எதையும் வெல்ல முடியாத அரசர்கள் கோயில் கட்டுவதில் போட்டியிட்டார்கள். காத்மாண்டின் மகேந்திர மல்லர் 1564இல் தலேஜு கோயிலை எழுப்பினார். பாட்டனில் சித்தி நரசிம்ம மல்லர் 1637இல் கல்லாலேயே கிருஷ்ணன் கோயில் கட்டினார். பக்தபூரில் பூபதீந்திர மல்லர் 1702இல் ஐந்து அடுக்குக் கூரையோடு நியாதபோலாவை உயர்த்தினார். நாட்டுக்கு அரசியல் இழப்பு, கலைக்கு லாபம். 1979இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த ஏழு இடங்களில் இந்த மூன்று அரண்மனைச் சதுக்கங்களும் அடங்கும். சுவயம்பூநாத், பௌத்தநாத், பசுபதிநாத், சாங்கு நாராயணன் ஆகியவை மற்ற நான்கு. இவ்வளவும் ஒரே பள்ளத்தாக்குக்குள் இருக்கின்றன. இவற்றில் சாங்கு நாராயணன் கோயிலுக்குப் போகிறவர்கள் குறைவு; ஆனால் அங்கேதான் கி.பி. 464இல் மானதேவ மன்னர் பொறித்த கல்வெட்டு இருக்கிறது.

அனுமான் தோக்கா சதுக்கத்தின் தென்கோடியில் குமாரி இல்லம் உள்ளது. ஜயப்பிரகாச மல்லர் 1757இல் கட்டியது. சாக்கியர் என்னும் பௌத்தக் குடும்பங்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்படும் சிறுமி இங்கே இந்துக்களின் தலேஜு தேவியாக வழிபடப்படுகிறாள், பருவமெய்தியதும் விலகிவிடுவாள். பூவேலை செதுக்கிய மரச்சன்னலில் அவள் சில நொடிகள் முகம் காட்டுவதுண்டு. அவளைப் படம் எடுக்கத் தடை. இந்தத் தடையைப் பயணிகள் பெரும்பாலும் மதிக்கிறார்கள் என்பது நல்ல செய்தி.

ஆண்டுக்கு ஒருமுறை, பெரும்பாலும் செப்டம்பரில் வரும் இந்திர விழாவில் குமாரியின் தேர் நகரத்தைச் சுற்றும். எட்டு நாள் விழா அது. காட்டிலிருந்து கொண்டுவந்த நெடுமரம் அரண்மனை முன் நடப்படும். முகமூடி அணிந்த லாக்கே அரக்கன் செம்மயிர் சிலிர்க்கக் கூட்டத்துக்குள் பாய்ந்து ஆடுவான். மற்ற நாட்களில் மரத்தட்டிக்குப் பின்னால் மூடிக்கிடக்கும் சுவேத பைரவரின் பெருமுகம் அப்போது திறக்கப்படும். மாலையில் அந்த முகத்தின் வாயில் செருகிய குழாய் வழியாக, அரிசியைப் புளிக்கவைத்த வெண்மது பீறிட்டு வரும். இளைஞர்கள் ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி வாயால் பிடிப்பார்கள். உள்ளே நீந்தும் சிறு மீன் யாருக்குக் கிடைக்கிறதோ அவருக்கு அதிர்ஷ்டம். 1768இல் கோர்க்கா அரசர் பிரித்வி நாராயண் ஷா நகருக்குள் படையோடு புகுந்ததும் இந்த விழா நாளில்தான். எதிர்ப்பதற்கு நகரம் தெளிந்த நிலையில் இல்லை.

விழாக்களை நடத்துவது அரசு அன்று. ‘குட்டி’ எனப்படும் நேவார் அறக்கட்டளைகள் அவற்றை நடத்துகின்றன. கோயிலுக்கு எண்ணெய், தேருக்கு மரம், இறந்தவருக்கு ஈமச்சடங்கு, விருந்துக்கு அரிசி என ஒவ்வொன்றுக்கும் தனி அமைப்பும் அதற்கென நிலமும் உண்டு. இந்த நிலங்களின் நிர்வாகத்தை மாற்றும் மசோதாவை அரசு 2019இல் கொண்டுவந்தபோது ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கினர். மசோதா திரும்பப் பெறப்பட்டது. தெருவோரங்களில் படியிறங்கிப் போகும் ‘ஹிட்டி’ என்னும் நீர்த்துறைகளைப் பேணி வந்ததும் இத்தகைய அமைப்புகள்தாம். மகர வாய் கொண்ட கல் குழாய்களிலிருந்து இரவும் பகலும் நீர் கொட்டும். மலையடிவாரத்திலிருந்து வெட்டிய கால்வாய்களும் நிலத்தடி ஊற்றும் அவற்றுக்கு ஆதாரம். பாட்டனில் உள்ள மங்கா ஹிட்டி 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் இன்றும் பெண்கள் குடம் வரிசை வைத்துத் தண்ணீர் பிடிக்கிறார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து செல்பவர்களில் பெரும்பாலோர் யாத்திரிகர்கள். ஆழ்வார்கள் பாடிய சாளக்கிராமம் எனப்படும் முக்திநாத்துக்குப் போகும் வழியில் அவர்களுக்குக் காத்மாண்டு ஓர் இரவுத் தங்கல். பசுபதிநாதரைத் தரிசித்துவிட்டுப் போக்ராவுக்குப் பஸ் ஏறிவிடுகிறார்கள். பசுபதிநாதர் கோயில் பாக்மதிக் கரையில் இருக்கிறது. மூலவர் நான்கு திசையும் நோக்கும் முகலிங்கம். அவரைத் தொட்டுப் பூசை செய்யும் உரிமை தென்னிந்தியாவிலிருந்து, குறிப்பாகக் கர்நாடகத்திலிருந்து, வரும் பட்டர்களுக்கே உண்டு. 2009ஐ ஒட்டி அரசு நேபாளிகளை அர்ச்சகர்களாக நியமிக்க முயன்றபோது பெரும் எதிர்ப்பு எழுந்து, பழைய முறையே நீடித்தது. இந்துக்கள் அல்லாதவர்கள் கோயிலுக்குள் போக முடியாது. எதிர்க்கரையில் படிக்கட்டில் உட்கார்ந்து பார்க்கலாம். ஆனால் அங்கிருந்து பார்க்கக் கிடைப்பது ஆரியகாட்டில் எரியும் சிதைகள். அழுதுகொண்டிருக்கும் குடும்பத்தை நோக்கித் தொலைதூர லென்சை நீட்டுகிறவர்களை இங்கே நாள்தோறும் காணலாம். குமாரி இல்லத்தில் இருக்கும் தடை இங்கும் இருந்தால் நன்று.

யாத்திரிகர்கள் தவறவிடும் இன்னொரு இடம் சிவபுரி அடிவாரத்துப் பூடாநீலகண்டர். குளத்துக்கு நடுவே பாம்பணைமேல் மல்லாந்து கிடக்கும் ஐந்து மீட்டர் நீளக் கருங்கல் திருமால் அது. லிச்சவி அரசர்கள் காலத்து, 7ஆம் நூற்றாண்டுச் சிற்பிகளின் வேலை. நேபாள அரசர்கள் இந்த உருவத்தைப் பார்க்கக் கூடாது என்ற விலக்கு முடியாட்சி முடிந்த 2008 வரை இருந்தது. கிழக்கே பௌத்தநாத்தில் கதை வேறு. 1959க்குப் பின் திபெத்திலிருந்து வந்த அகதிகள் பெரிய ஸ்தூபியைச் சுற்றி மடங்களும் கடைகளுமாக ஒரு சிற்றூரையே உண்டாக்கிவிட்டார்கள். அந்தி சாய்ந்ததும் ஆயிரம் பேர் ஒரே திசையில் வலம் வருவார்கள். எதிர்த்திசையில் நடக்கிறவர் வெளியூர்க்காரர் என்று உடனே தெரிந்துவிடும்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் இந்த நகரத்தைப் பற்றிச் சொன்னதாகாது. மோமோ எங்கும் கிடைக்கிறது. லாசா சென்ற நேவார் வணிகர்கள் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். தேடிச் சாப்பிட வேண்டியது நேவார் உணவு. உளுந்தை அரைத்துத் தட்டையாகக் கல்லில் சுடும் ‘பாரா’, அரிசி மாவில் வார்க்கும் ‘சட்டாமரி’, அவலோடு கறுப்பு சோயாவும் இஞ்சியும் வறுத்த எருமை இறைச்சியும் வைத்துத் தரும் ‘சமய்பஜி’. மார்கழியை ஒட்டிய பௌர்ணமியில் புது அரிசி மாவுக்குள் வெல்லப்பாகும் எள்ளும் வைத்து அவிக்கும் ‘யோமரி’ வீடுதோறும் நடக்கும். நம் கொழுக்கட்டை வகைதான், கூம்பு மட்டும் நீளம். பக்தபூரின் மண்சட்டித் தயிரான ‘ஜுஜு தௌ’ அரசத் தயிர் என்ற பெயருக்கு ஏற்றதே.

வெளியுலகுக்கு இந்த நகரம் திறந்தது மிகத் தாமதமாக. 1846 முதல் 1951 வரை ஆண்ட ராணாக்கள் அயலாரை அனுமதிக்கவில்லை. ஆனால் தங்களுக்கு மட்டும் ஐரோப்பிய பாணி அரண்மனைகளும் மோட்டார் கார்களும் வைத்துக்கொண்டார்கள். சமவெளியிலிருந்து சாலை கிடையாது என்பதால், அந்தக் கார்களை மூங்கில் கழிகளில் கட்டி டஜன் கணக்கான கூலியாட்கள் சந்திராகிரிக்கு மேலாகத் தூக்கி வந்தார்கள். இந்தியா அமைத்துக் கொடுத்த முதல் மோட்டார் சாலை 1956இல்தான் முடிந்தது. அதன் பிறகு பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஐரோப்பாவிலிருந்து தரைவழியாக ஹிப்பிகள் வந்து சேர்ந்தனர். அரண்மனைச் சதுக்கத்தை ஒட்டிய ஜோச்சென் தெருவில் கஞ்சா கடையில் வைத்து விற்கப்பட்டது. 1973இல் தடை வந்ததும் கூட்டம் கலைந்தது. அதன் பின் மலையேறிகளுக்கான விடுதிகளும் கடைகளும் தாமெல் பகுதியில் பெருகின. ராணாக்களின் அரண்மனைகளில் பெரியதான சிங்க தர்பார், அரசுத் தலைமையகமாக மாறி, 1973இல் ஒருமுறையும் 2025 செப்டம்பரில் இளைஞர் கிளர்ச்சியின்போது மறுமுறையும் எரிந்தது.

1956க்குப் பின் சாலை வழியே மக்கள் வந்தபடி இருக்கிறார்கள். 2021 கணக்கெடுப்பின்படி பள்ளத்தாக்கின் மூன்று மாவட்டங்களில் சுமார் 30 லட்சம் பேர். முன்னோர் நெல்லுக்கு விட்டுவைத்த நிலத்தில் இப்போது வீடுகள். நிலத்தடி நீர் உறிஞ்சப்பட்டதால் பல ஹிட்டிகள் வறண்டுவிட்டன. மலைக்கு அப்பாலிருந்து சுமார் 26 கிலோமீட்டர் சுரங்கம் வெட்டிக் கொண்டுவந்த மேலம்சி ஆற்று நீர் 2021 மார்ச்சில் நகரை எட்டியது; ஜூனில் வெள்ளம் அதன் தலைமதகைச் சிதைத்தது.

காற்றின் கதையும் மலையின் கதையே. குளிர்காலத்தில் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கின் அடியில் கிண்ணத்துத் தயிர் போல உறைந்து நிற்க, அதன்மேல் வெப்பக்காற்று மூடியாகப் படிகிறது. செங்கல் சூளைப் புகையும் வண்டிப் புகையும் வெளியேற வழியில்லை. 2021 மார்ச் இறுதியில் காட்டுத்தீப் புகையும் சேர்ந்துகொள்ள, பள்ளிகளை நான்கு நாள் மூடினார்கள். நகரம் சும்மா இருந்துவிடவில்லை. டீசல் மூன்றுசக்கர வண்டிகள் 1999இல் தடைசெய்யப்பட்டன. அவற்றின் இடத்தைப் பிடித்த ‘சஃபா டெம்போ’ என்னும் பேட்டரி வண்டிகளைப் பெருமளவில் பெண்கள் ஓட்டினார்கள். ஆனால் 1975இல் சீன உதவியோடு தொடங்கிய டிராலி பஸ் இன்று இல்லை. பராமரிக்கப்பட்டிருந்தால் பக்தபூர் போகிறவர்கள் புகையின்றிப் போயிருப்பார்கள்.

ஏரி வண்டல் தந்த வளத்துக்கு நிலநடுக்கம் விலை கேட்கிறது. 1934 ஜனவரியிலும் 2015 ஏப்ரல் 25 அன்றும் நகரம் இடிந்தது. 2015இல் 7.8 அளவுள்ள அதிர்வில் நாடு முழுவதும் ஏறக்குறைய 9,000 பேர் இறந்தனர். ஆழமான வண்டல் அன்று மெதுவாக, நான்கைந்து வினாடிக்கு ஒருமுறை என்ற கதியில் ஊசலாடியது. அதனால் உயரமானவற்றுக்கு அடி பலம்; சிறு வீடுகள் நிபுணர்கள் அஞ்சிய அளவுக்கு விழவில்லை. 1934இல் விழுந்து மீண்டும் எழுந்த தரஹரா கோபுரம் மறுபடி விழுந்தது. நகருக்குப் பெயர் தந்த மரச்சத்திரமான காஷ்டமண்டபமும் சரிந்தது. அடியில் தோண்டியபோது அதன் அடித்தளம் 7ஆம் நூற்றாண்டுக்குரியது என்று தெரியவந்தது. எப்படித் திரும்பக் கட்டுவது என்பதில் சண்டையும் நடந்தது. இறந்த மகன் நினைவாகப் பிரதாப மல்லர் 1670இல் அமைத்த ராணிப் பொக்கரி குளத்தில் காங்கிரீட் போடத் தொடங்கியதும் மக்கள் தடுத்தார்கள். செங்கல், மண், மரம் என்ற பழைய முறையிலேயே வேலை 2020இல் முடிந்தது.

பார்க்க வருவோருக்கு ஏற்ற காலம் அக்டோபர், நவம்பர். அடுத்தது மார்ச், புகை இல்லாவிட்டால். இந்தியர்களுக்கு விசா வேண்டாம்; விமானத்தில் செல்ல பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ போதும். கடிகாரத்தைக் கால் மணி நேரம் முன்னே திருப்பிக்கொள்ள வேண்டும். ஓர் இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய் என்ற விகிதம் 1993 முதல் மாறவில்லை. சனிக்கிழமை விடுமுறை என்பதால் அன்று கோயில்களில் கூட்டம் மிகும். காத்மாண்டுக்கு இரண்டு நாள், பாட்டனுக்கு ஒன்று, பக்தபூரில் ஓர் இரவு என்று வைத்துக்கொண்டால் அவசரமின்றிப் பார்க்கலாம். மேற்கே முக்திநாத் செல்பவர்கள் நாக்துங்கா கணவாயைத் தாண்டி இறங்க வேண்டும். 2024 செப்டம்பர் இறுதியில் பெய்த பெருமழையில் இந்த இறக்கத்தில்தான் நிலச்சரிவு பேருந்துகளைப் புதைத்தது. மழைக்காலத்தில் இரவுப் பஸ்ஸைத் தவிர்த்துவிட்டு, விடிந்த பிறகு புறப்படுவது நல்லது.